ஆரணி வெயிலும் ஜப்பான் மேப்பிளும் - கொஞ்சம் சண்டை போடலாம் வாங்க

மக்களே, ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மியா இருக்குற வாரம் இது. அதனால ரொம்ப நாளா தொண்டையில சிக்கிக்கிட்டிருந்த ஒரு விஷயத்தைக் கொட்டிடறேன். வழக்கமா இங்க வர்ற "ஆஹா, என் செடி பூத்துருச்சு" ரகப் பதிவு இல்ல இது. சண்டைப் பதிவு. உடன்படாதவங்க பின்னூட்டத்துல வந்து தாராளமா கும்மலாம், கதவு தொறந்தேதான் இருக்கு.

விஷயம் இதான். தமிழ்நாட்டுச் சமவெளியில, அதாவது ஆரணி, வேலூர், திருச்சி, மதுரை மாதிரி ஊர்கள்ல, ஜப்பான் மேப்பிள் வளர்க்க முடியாது. தரையிலயும் முடியாது, தொட்டியிலயும் முடியாது, போன்சாயாவும் முடியாது. "கொஞ்சம் கஷ்டம்"னு சொல்லல. முடியாதுன்னு சொல்றேன். இது தெரிஞ்சும் நமக்கு கன்னு விக்கிறவன் ஏமாத்துக்காரன். "நானும் வளர்க்கிறேன் பாருங்க"ன்னு மூணு மாசக் கன்னை வச்சு வீடியோ போடுறவர், அந்த ஏமாத்துக்காரனுக்கு சம்பளம் வாங்காத ஏஜென்ட்.

ஒரு செடிக்கு எதுக்குப்பா இவ்ளோ சூடுன்னு கேக்குறீங்களா? சொல்றேன்.

என் சித்தப்பா பட்டுத்தறி நெய்யுறவர். பாவுல ஒரு இழை அறுந்தா, கரன்ட் இல்லாத நேரத்துலகூட விரலால தடவியே கண்டுபிடிச்சு முடிச்சு போட்டுடுவார். அவ்ளோ பொறுமை. செடின்னா உயிர். ஃபோன்ல செக்கச்செவேல்னு ஒரு மேப்பிள் போன்சாய் படத்தைப் பார்த்துட்டு, ஏதோ ஒரு ஆன்லைன் கடையில ரெண்டு கன்னு வாங்கினார். ஒரு சேலைக்கு வர்ற கூலியில பெரும்பங்கு அதுலயே போச்சு. மார்கழியில வந்துச்சு. தையில தளிர் விட்டுச்சு, தெருவே வந்து பார்த்துச்சு. பங்குனியில இலை நுனி கருகுச்சு. சித்திரையில கிளை காஞ்சுது. வைகாசியில ரெண்டுமே சுள்ளி. கடைக்காரன்கிட்ட கேட்டா "தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க சார்"னு ஒத்தை வரிப் பதில். சித்தப்பா என்கிட்ட சொன்னது, "என் கைக்கு ராசி இல்லடா." அதுக்கப்புறம் வீட்டுல இருந்த செம்பருத்தியைக்கூட தொடறதில்ல, சித்திதான் தண்ணி ஊத்துறாங்க.

போன காசு திரும்ப சம்பாதிச்சுக்கலாம். நாள் பூரா பட்டு இழையோட பேசுற ஒரு மனுஷனை, தன் கையையே சந்தேகப்பட வச்சுட்டான் பாருங்க, அதைத்தான் என்னால பொறுத்துக்க முடியல. இவர் ஒருத்தர் இல்ல. இந்தப் பதிவைப் படிக்கிறவங்கள்ல பாதிப்பேர் வீட்டுல இப்படி ஒரு காலித் தொட்டி இருக்கும்னு பந்தயம் கட்டுறேன்.

மேப்பிளுக்கு என்னதான் வேணும்?

தாவரவியல் பேர் ஏசர் பால்மாட்டம். உள்ளங்கை மாதிரி இலைங்கிறதால பால்மாட்டம். பதினெட்டாம் நூற்றாண்டுல ஜப்பானுக்குப் போன ஸ்வீடன்காரர் துன்பெர்க் வச்ச பேர். ஜப்பான்காரங்க மோமிஜின்னும் கயேதேன்னும் சொல்றாங்க. கயேதேன்னா தவளைக் கையாம். ஜப்பான், கொரியா, சீனா மலைக்காடுகள்ல பெரிய மரங்களோட நிழல்ல வளர்ற சின்ன மரம் இது.

இந்த மரம் வருஷத்துல சில மாசம் தூங்கியே ஆகணும். இலையெல்லாம் கொட்டிட்டு, மொட்டை இறுக்கமா மூடிக்கிட்டு, அஞ்சு டிகிரி சுத்துவட்டாரக் குளிர்ல வாரக்கணக்கா கிடக்கணும். எவ்ளோ குளிர் பட்டுச்சுன்னு மொட்டு ஒரு கணக்கு வச்சிருக்கும். கணக்கு நிறைஞ்சாதான் அடுத்த வருஷம் ஒழுங்கா விரியும். நம்ம பாஷையில சொன்னா, இதை பக்னு நினைச்சு நீங்க பேட்ச் போட முடியாது. அதோட ரிக்கொயர்மென்டே அதான்.

கியோட்டோவுல ஜனவரி மாச சராசரி வெப்பநிலையே சுமார் அஞ்சு டிகிரி. எங்க ஆரணியில மார்கழி விடியக்காலைல கோலம் போடுறவங்க ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வருவாங்க, "என்னா குளுரு"ன்னுவாங்க. தெர்மாமீட்டரைப் பார்த்தா பதினெட்டு சுமாருக்கு நிக்கும். பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளுன்னு அடிக்கும். மேப்பிளுக்கு இது குளிர்காலமே இல்ல. தூங்கப் படுத்தவனை மணிக்கொரு தரம் எழுப்பி விடுற மாதிரி.

"ஆனா முதல் வருஷம் நல்லா தளிர் விட்டுச்சே?" விடும். அந்தக் கன்னு நர்சரியில, ஏதோ ஒரு மலையில, பட்ட குளிரோட மிச்சம் அது. வேர்லயும் தண்டுலயும் சேர்த்து வச்ச சர்க்கரையைச் செலவு பண்ணி தளிர் விடுது. அடுத்த வருஷத்துக்குச் சேமிப்பு ஏதும் இல்ல. அக்கவுண்ட்ல இருக்குற காசை ஏடிஎம்ல எடுத்துட்டு சம்பளம் வந்துருச்சுன்னு ஆடுற கதை. அந்தத் தளிரைத்தான் வீடியோ எடுத்துப் போடுறாங்க. மூணாவது வருஷ வீடியோவை யாராச்சும் போட்டுப் பார்த்திருக்கீங்களா?

இதுக்கு மேல எங்க ஊர் சித்திரை வைகாசி. வெயில் நாப்பதைத் தாண்டும். வறண்ட காத்து அந்த மெல்லிசு இலையைக் கருக்கிடும். ராத்திரியும் சூடு இறங்காததால, பகல்ல சம்பாதிச்ச சர்க்கரையை மரம் ராத்திரி மூச்சு விட்டே தீர்த்துடும். போர் தண்ணி உப்பு. மேப்பிளோ லேசான அமிலத்தன்மை இருக்குற மண்ணு கேக்குற ஆளு. எத்தனை பக்கம்தான் முட்டுக்கொடுப்பீங்க?

விதை பாக்கெட் மகாத்மியம்

கன்னு விக்கிறவனாவது நிஜ மேப்பிளைக் குடுத்தான். விதை விக்கிறவங்க கதை தனி காமெடி. நீல மேப்பிள், கறுப்பு மேப்பிள், ஏழு கலர் வானவில் மேப்பிள்... சாமியோவ்! நீல இலை மேப்பிள்னு உலகத்துலயே ஒண்ணு கிடையாது. அது ஃபோட்டோஷாப் தோட்டத்துல மட்டும் விளையுற ரகம். ஏமாறாம இருக்க சில குறிப்பு:

1. மேப்பிள் விதைக்கு இறக்கை உண்டு. ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டு தும்பி மாதிரி இருக்கும், விழும்போது சுத்திக்கிட்டே விழும். பாக்கெட்ல கடுகு மாதிரி உருண்டையா இருந்தா அது வேற ஏதோ.

2. 'பிளட்குட்' மாதிரி பேர் பெத்த ரகங்களை ஒட்டுக்கட்டித்தான் பெருக்குறாங்க. விதை போட்டா தாய் மரம் மாதிரியே பிள்ளை வராது. ஆக, ரகப் பேர் போட்ட விதை பாக்கெட்னாலே பேர்லயே பொய்.

3. அசல் விதையாவே இருந்தாலும் ஈரத்தோட மூணு நாலு மாசம் ஃபிரிட்ஜ் குளிர்ல வச்சாதான் முளைக்கும். "போட்டா பதினஞ்சு நாள்ல முளைக்கும்"னு எழுதியிருந்தா முளைக்கப்போறது மேப்பிள் இல்ல.

4. நர்சரியில "ரெட் மேப்பிள்"னு மெரூன் கலர்ல ஒண்ணு கிடைக்கும். இலை அச்சு அசல் மேப்பிள்தான். ஆனா இலைக்காம்பைப் பாருங்க. மேப்பிள்ல இலை எதிரெதிரா ஜோடியா இருக்கும். ஒண்ணு மாத்தி ஒண்ணு இருந்தா அது செம்பருத்திக் குடும்பம், நம்ம புளிச்சக்கீரைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. கொழுந்தை வாயில போட்டா புளிக்கும். ஹி ஹி.

வெளிநாட்டுல இருந்து தபால்ல விதை வரவழைக்கிற புண்ணியவான்களுக்கு ஒரு வார்த்தை. 2003-ல வந்த தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் நோயில்லாச் சான்றும் இல்லாம அது சட்டவிரோதம். 2020-ல யாரும் கேக்காத மர்ம விதைப் பொட்டலங்கள் பல நாடுகளுக்கு தபால்ல வந்தப்போ நம்ம வேளாண் அமைச்சகமே எச்சரிக்கை விட்டுச்சு. இது சும்மா பூச்சாண்டி இல்ல. சீனாவுல இருந்து 2008 வாக்குல பிரிட்டனுக்குப் போன ஜப்பான் மேப்பிள் கன்னுகளோட தண்டுக்குள்ள நீளக்கொம்பு வண்டோட புழு உக்காந்து போச்சு. எலுமிச்சை, ஆரஞ்சு மரத்தையெல்லாம் துளைக்கிற வண்டு அது. நம்ம ஒரு தொட்டி ஆசைக்கு அடுத்தவன் தோப்பு பலியாகணுமா?

வரப்போற பின்னூட்டங்களுக்கு முன்கூட்டியே பதில்

"ஜப்பான்லயும் வெயில் 38 அடிக்குதே?" அடிக்குது. ஆனா அங்க அதுக்கப்புறம் ஒரு நிஜமான குளிர்காலம் வரும், பட்ட அடிக்கு ஓய்வு கிடைக்கும். இத்தனைக்கும் அங்கயே நிலைமை மாறுது. 1953-லேருந்து அவங்க வானிலைத் துறை மேப்பிள் சிவக்கிற தேதியைக் குறிச்சு வைக்குது. ரெண்டு வாரத்துக்கு மேல தள்ளிப்போயிருக்கு. சொந்த ஊர்லயே தடுமாறுற மரத்தை ஆரணி மொட்டைமாடிக்கு இழுத்துட்டு வர்றது எந்த ஊரு நியாயம்?

"ஃபிரிட்ஜ்ல வச்சு எடுப்பேன்." வைங்க. மூணு மாசம் இட்லி மாவுக்கு எங்க இடம்னு வீட்டுல கேப்பாங்க, அதுக்கும் பதில் ரெடி பண்ணி வைங்க. அப்படியே தூங்கி எழுந்தாலும் வெளிய வந்தா மாசி, அடுத்தது பங்குனி வெயில்.

"ஊட்டியில இருக்கே?" இருக்கட்டும். ஊட்டி கடல் மட்டத்துலேருந்து 2,200 மீட்டருக்கு மேல. உறைபனி விழுற ஊரு. ஊட்டி, கொடைக்கானல் பதிவர்கள் தாராளமா வளருங்க, உங்களோட எனக்குச் சண்டையே இல்ல. பொறாமை மட்டும்தான்.

"காஷ்மீர்ல..." அது மேப்பிள் இல்லீங்க, சினார். இலை ஒரே சாயல், குடும்பம் வேற.

"மரத்தைக் குட்டையாக்கி சித்திரவதை பண்றதே தப்பு, இதுல மேப்பிளா இருந்தா என்ன, புளியா இருந்தா என்ன?" இதுக்கு மட்டும் கொஞ்சம் நீளமா பதில். அமெரிக்காவுல வாஷிங்டன் தாவரப் பூங்காவுல ஒரு ஜப்பான் வெள்ளைப் பைன் போன்சாய் இருக்கு. 1625-லேருந்து தொட்டியில வளருது. 1945-ல ஹிரோஷிமாவுல குண்டு விழுந்தப்போ அங்கயே இருந்து பிழைச்சுது. 1976-ல யமாகிங்கிற குடும்பத்துக்காரர் அமெரிக்காவுக்குப் பரிசா குடுத்தார். சித்திரவதையில நானூறு வருஷம் எந்த மரமும் இருக்காது. ஆனா ஒண்ணு கவனிங்க. அணுகுண்டையே தாங்கின அந்த மரமும் போய்ச் சேர்ந்தது குளிர்காலம் இருக்குற ஊருக்குத்தான். வெட்டுறதும் கம்பி கட்டுறதும் மரத்துக்குத் தாங்கும். தூக்கமே இல்லாம வச்சு மூணு வருஷத்துல சாகடிக்கிறதுதான் கொடுமை.

"நீ ஒரு சுதேசி வெறியன்." வாங்க வாங்க, இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். புளிய மரமே ஆப்பிரிக்காவுல இருந்து வந்தது. கொடுக்காப்புளி அமெரிக்கக் கண்டத்து மரம். காகிதப்பூ தென்னமெரிக்கா. மூணும் நம்ம ஊர்ல ராஜா மாதிரி இருக்கு, ஏன்னா நம்ம வெயில் அதுங்களுக்குப் பழக்கம். எங்க ஊர்த் தறி மேல உக்காந்திருக்குற ஜக்கார்டு பெட்டி பிரான்ஸ்காரன் 1804-ல கண்டுபிடிச்சது. ஓட்டை போட்ட அட்டையை வச்சு பூ போடுற அந்த ஐடியாதான் பின்னாடி கம்ப்யூட்டர் வரைக்கும் வந்து எனக்கும் சோறு போடுது. அதை ஆரணிக்காரன் வேண்டாம்னு சொல்லல. வாங்கி, நம்ம பட்டு, நம்ம ஜரிகை, நம்ம மாங்காய் புட்டான்னு நெய்ஞ்சான். வித்தை எந்த ஊருக்கும் வரும். குளிர்காலத்தை பார்சல்ல அனுப்ப முடியாது. அவ்ளோதான் என் கட்சி.

ஜப்பான்காரன்கிட்ட நிஜமா எதைக் கத்துக்கணும்?

போன்சாய்ல யமாதோரின்னு ஒண்ணு உண்டு. மலைக்குப் போய், பாறை இடுக்குல காத்துலயும் பனியிலயும் அடிபட்டு தானாவே குட்டையாப் போன மரத்தைத் தேடி, வேரோட எடுத்துட்டு வந்து பழக்குறது. அவன் தன் ஊர் மலையைப் பார்த்தான். நாம அவன் மலையையே ஃபோன்ல பார்த்துக்கிட்டிருக்கோம்.

இன்னொண்ணு. 1923-ல டோக்கியோ பக்கம் பெரிய நிலநடுக்கம். அங்க இருந்த போன்சாய்க்காரங்க சுத்தமான தண்ணியும் காத்தும் நல்ல மண்ணும் தேடி கிளம்பிப்போய் 1925-ல ஒமியாவுல ஒரு போன்சாய் கிராமத்தையே உருவாக்குனாங்க. மரத்துக்கு ஏத்த ஊரைத் தேடி மனுஷன் குடும்பத்தோட போனான். நாம ஒரு கிளிக்ல மரத்தை இங்க வரச் சொல்றோம்.

நம்ம ஊர் யமாதோரி எங்க இருக்கு? சுவத்துல. பழைய வீட்டுக் காரைச் சுவர், கிணத்து உள்பக்கம், வாய்க்கால் மதகு. காக்கா போட்ட விதையில முளைச்ச இச்சி, ஆல், அரசு. மண்ணே இல்லாம பத்து வைகாசியைப் பார்த்த மரம் அது. அதுக்கு உங்க கைராசி தேவையே இல்ல. கோயில்கள்ல உழவாரப் பணி செய்யுற குழுக்களைக் கேட்டுப் பாருங்க, கோபுரத்துல முளைச்ச செடிகளைப் பிடுங்கி குப்பையிலதான் போடுறாங்க. அனுமதி கேட்டு அந்தக் குப்பையில இருந்து எடுத்துக்கலாம். நீங்களா எந்தக் கோயில் சுவத்துலயும் கை வைக்காதீங்க, கல்லு பெயர்ந்துடும்.

இத்தாலியில மிலான் பக்கம் கிரெஸ்பி போன்சாய் அருங்காட்சியகம் இருக்கு. அங்க நடுநாயகமா வச்சிருக்குறது மேப்பிள் இல்ல, நம்ம ஆல், இச்சி இனத்து மரம். ஆயிரம் வருஷத்து மரம்னு சொல்றாங்க. அவங்க ஊர் குளிர் அதுக்கு ஆகாதுன்னு கண்ணாடிக் கூடத்துல வச்சுப் பார்த்துக்குறாங்க. நம்ம ஊர்ல அந்த இனம் சாக்கடை ஓரத்துல சும்மா முளைக்குது, நாம ஆசிட் ஊத்திக் கொல்றோம். அவ்வ்வ்வ்...

என் மொட்டைமாடியில இப்போ மூணு இச்சி, ரெண்டு புளி, ஒரு கொடுக்காப்புளி, ஒரு மல்பெரி. செய்முறை ரொம்ப சிம்பிள். ஆடி ஆவணியில முதல் மழை பிடிச்சதும் எடுத்து நடணும். மண்ணு வேண்டாம். செங்கல்லை உடைச்சு சலிச்ச சின்னச் சல்லி ரெண்டு பங்கு, மக்கின தொழு உரம் ஒரு பங்கு, ரைஸ் மில்லுல கிடைக்கிற கருக்கின உமி ஒரு பங்கு. ஆரணியில உமிக்கா பஞ்சம்? கம்பிக்கு மோட்டார் வைண்டிங் கடையில கழிச்சுப் போட்ட செம்புக் கம்பி. முதல் வருஷம் கத்தரிக்கோல் பக்கமே போகக்கூடாது, வேர் பிடிக்கட்டும். புளிக்கு இலை இயல்பாவே பொடி, பட்டை சீக்கிரமே வெடிச்சு கிழட்டுத் தோற்றம் வந்துடும். தொட்டிக்குன்னே பொறந்த மாதிரி இருக்கும்.

மல்பெரியைப் பத்தி தனியா சொல்லியே ஆகணும். பட்டு ஊர்ல பொறந்துட்டு பட்டுப்பூச்சி தின்னுற மரத்தை எத்தனை பேர் வளர்க்குறோம்? பட்டு வளர்ப்புல வருஷத்துக்கு நாலஞ்சு தரம் இலையை வெட்டி எடுப்பாங்க, அத்தனை தரமும் துளிர்க்கும். வெட்டி நட்ட குச்சியிலயே வேர் விடும். தொட்டியிலயே பழமும் பழுக்கும். இவ்ளோ பொறுமைசாலியை விட்டுட்டு யாரை எங்க தேடுறோம்?

"எல்லாம் சரி, எனக்கு அந்த செவப்புதான் வேணும்" - நியாயமான ஆசை. பங்குனியில அரச மரத்துக் கொழுந்தைப் பாருங்க, செம்பும் ரோஸும் கலந்து வெயில்ல மினுக்கும். இலுப்பைத் தளிர் இன்னும் ஆழமான செவப்பு. பள்ளிக்கூட மைதானத்து நாட்டு வாதுமை உதிர்றதுக்கு முன்னாடி ரத்தச் செவப்பாவே மாறும். ஜப்பான்ல மோமிஜி பார்க்கன்னே குடும்பம் குடும்பமா கிளம்பிப் போறாங்க. நம்ம செவப்பை நாம சைக்கிள் நிறுத்துற நிழலா மட்டும் வச்சிருக்கோம். அரச மரத் தொட்டியில பழைய இலையைக் கிள்ளி விட்டா புதுக்கொழுந்து அதே செம்புக் கலர்ல வரும். மரம் தெம்பா இருக்கும்போது மட்டும் செய்யுங்க.

கடைசியா சக பதிவர்களுக்கு மூணு வேண்டுகோள். ஒண்ணு, மேப்பிள் படம் போட்டா கன்னு உங்ககிட்ட வந்து எத்தனை மாசம் ஆச்சுன்னு சேர்த்துப் போடுங்க. ரெண்டு, செத்துப்போனா செத்துப்போச்சுன்னு எழுதுங்க, மேல வெயில் கணக்கையும் போடுங்க. அந்தப் பதிவு பத்துப் பேர் காசைக் காப்பாத்தும். மூணு, யாராச்சும் "எனக்கு கைராசி இல்ல"ன்னு சொன்னா, என்ன மரம், எந்த ஊருன்னு முதல்ல கேளுங்க. அப்புறம் ஒரு இச்சிக் கன்னைக் கையில குடுங்க.

சரி, மேனேஜர் பிங் பண்றார். ஆணி காத்திருக்கு. அப்பீட்டு.

டிஸ்கி: திருவண்ணாமலை, வேலூர் பக்கத்துப் பதிவர்களுக்கு இச்சிக் குச்சி இலவசம். மல்பெரிக் குச்சி மட்டும் சும்மா கிடையாது. ஒரு வருஷம் கழிச்சு அது எப்படி இருக்குன்னு படத்தோட ஒரு பதிவு போடணும். செத்திருந்தாலும் சரி :-)